சாட்சிக் கையெழுத்து கேட்ட நாள்

நம் அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறதே, எந்தக் கேஸில் யார் எத்தனை சதவீதம் தள்ளுபடி வாங்கினார்கள் என்று நீங்கள் எழுதி வைக்கிற பலகை, அதை வாங்கி மாட்டியவள் நான்தான். போன வாரம் உங்களைப் பார்க்க வந்திருந்தபோது உங்களில் ஒருவர் எழுபது என்று எழுதிவிட்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். நானும் அப்படித் திரும்பிப் பார்த்தவள்தான். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

தவணை தவறியவர்களுக்காகக் கடன் கம்பெனிகளிடம் பேசுவது, கடிதம் எழுதுவது, ரசீது வாங்குவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரு டிசம்பர் மாதக் கடைசி நாளைப் பற்றி. அன்று பகலில் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஒரு வங்கி வாசலில் நான் உட்கார முடியாமல் நடந்த நடையைப் பற்றி.

அலமேலுவும் அவர் கணவர் கோவிந்தனும் புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சிற்றூரில் இருப்பவர்கள். கோவிந்தன் ஃபைனான்ஸில் கடன் வாங்கி ஒரு பிக்கப் வண்டி எடுத்தார். சாமை மூட்டை, பலாப்பழம், புளி, சந்தை நாளில் ஆட்கள் என்று இரண்டு வருடம் ஓட்டித் தவணையை ஒழுங்காகக் கட்டினார். மூன்றாம் வருடம் மலைப்பாதை வளைவு ஒன்றில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பாறையில் மோதியது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். இன்சூரன்ஸ் முடிந்து அன்றோடு பதினொரு நாள் ஆகியிருந்தது. கம்பெனிக்காரர்கள் வண்டியை எடுத்துப் போய்க் கிடைத்த விலைக்கு விற்றார்கள். விற்ற பணம் போக மீதி, அதற்கு வட்டி, அபராதம் என்று நான்கு லட்சத்துப் பத்தாயிரம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

அதைவிட வலித்தது இன்னொன்று. கடனுக்கு ஜாமீன் போட்டவர் அலமேலுவின் தம்பி முருகன். திருப்பத்தூரில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கடன் கொடுத்த அன்று அவரிடம் வாங்கி வைத்திருந்த காசோலையைக் கம்பெனி வங்கியில் போட்டது. பணமில்லை என்று அது திரும்பி வந்தது. உடனே அவர்மேல் செக் கேஸ் போட்டுவிட்டார்கள். எட்டு மாதமாக முருகன் அக்காவிடம் பேசவில்லை. திருவிழாவுக்கு மலைக்கு வந்தவர், அக்கா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனாராம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

அந்த ஃபைல் என் மேசைக்கு வந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கம்பெனியின் வசூல் மேலாளர் அந்தக் காலாண்டுக் கணக்கை டிசம்பருக்குள் முடித்துக் காட்டியாக வேண்டிய அவசரத்தில் இருந்தார். அந்த அவசரம் எனக்குத் தெரியும். அதையே பிடித்து இழுத்தேன். இரண்டே முக்கால் லட்சம் என்று தொடங்கியவரை மூன்று வாரத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் கொண்டுவந்தேன். கடைசியாக அவர் கேட்டார்:

“ஒரே பேமென்ட். முப்பத்தொண்ணு, நாலு மணிக்குள்ள. வருமா மேடம்?”

“வரும் சார்.”

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்தான் என் தவறு. அலமேலுவை நான் கேட்கவில்லை. பிறகு போனில் விஷயத்தைச் சொன்னபோது, “பாக்கறோம் மேடம்” என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே பலகையில் அறுபத்துமூன்று என்று எழுதினேன். பணம் ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை, எழுதிவிட்டேன்.

கடைசி நாள் காலை நானே மலைக்குப் போனேன். புதூர்நாட்டு வங்கியில் பணத்தைக் கட்டி, கம்பெனிக் கணக்குக்கு அனுப்பி, ரசீதைப் படம் எடுத்து நாலு மணிக்குள் மேலாளருக்குப் போட வேண்டும். இதை அவர்களை மட்டும் நம்பி விட எனக்கு மனமில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும் என்று ஷேர் ஜீப்பில் ஏறினேன். முட்டியோடு முட்டி இடிக்க ஏழு பேர். வளைவுக்கு வளைவு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “இன்னா மேடம், ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

பதினொரு மணிக்கு இறங்கினேன். வங்கி வாசலில் அவர்கள் இல்லை. சிக்னல் கிடைத்த ஒரு மேட்டில் ஏறிப் போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பன்னிரண்டு ஆனது. ஒரு மணி ஆனது. டீக்கடையில் வாங்கிய டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தச் சின்ன வீதியை எத்தனை முறை அளந்தேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே போய்க் காசாளரிடம் நாலு மணிக்கு முன்னால் கவுண்டரை மூடிவிடுவீர்களா என்று கேட்டேன். திரும்பவும் போய்க் கேட்டேன். மூன்றாவது முறை அவர் நிமிராமலே, “மூட மாட்டோம் மேடம், போய் உக்காருங்க” என்றார்.

ஒன்றரை மணிக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. பின் இருக்கையிலிருந்து அலமேலு இறங்கினார். கோவிந்தன் ஊன்றுகோலை முதலில் தரையில் வைத்துவிட்டு மெதுவாக இறங்கினார். ஓட்டி வந்தவர் அடிவாரத்துப் புளி வியாபாரி. சட்டைப் பையில் இரண்டு பேனா. வணக்கம் சொல்லிவிட்டு வேனின் பானெட்டில் ஒரு முத்திரைத்தாளை விரித்து, காற்றில் பறக்காமல் தன் செல்போனை அதன்மேல் வைத்தார்.

“மேடம், படிச்சவங்க நீங்க இருக்கீங்க. சாட்சிக்கு நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. வேற ஆளத் தேட வாணாம்” என்று ஒரு பேனாவை நீட்டினார்.

நான் பேனாவை வாங்கி மூடியைக் கழற்றிவிட்டேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கைக்குப் பழக்கம். நேரம் வேறு ஓடுகிறது. குனிந்த பிறகுதான் கேட்டேன்:

“எதுக்குங்க சாட்சி?”

“புளியமரம் மேடம். இவங்க நெலத்துல ஏழு மரம் கீது. அஞ்சு வருசம் காயி என்னுது. தொண்ணூறாயிரம் இப்பவே குடுத்துடறேன்.”

நான் அலமேலுவைப் பார்த்தேன். அவர் வங்கிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மீதி அறுபதாயிரம் எப்படி வந்துச்சும்மா?”

“ரெண்டு மாட்டையும் குடுத்துட்டோம் மேடம். சாம இருந்ததயும் வித்துட்டோம். அதுல வந்ததுதான்.”

“மரம் வருசத்துக்கு எவ்வளவு குடுக்கும்?”

“நல்ல வருசம்னா ஏழுலயும் சேத்து எழுவதாயிரம் வரும். காய்க்காத வருசம் பதினஞ்சுகூட வராது.”

“அதத்தான் மேடம் நானும் சொல்றேன்” என்றார் வியாபாரி. “எனக்கும் ரிஸ்க் கீது இல்ல? நானா தேடிப் போவல. அவங்கதான் நேத்து வூடு தேடி வந்தாங்க.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவரைக் கெட்டவராக்கினால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் தாளை எழுத வைத்தவள் நான். தொண்ணூறு என்ற எண்ணும், நேற்று என்ற நாளும், நான் கொடுத்த ‘வரும் சார்’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. மாடு போய்விட்டது. கோவிந்தனின் காலால் வண்டி ஓட்ட முடியாது. இனி ஐந்து வருடத்துக்கு மரமும் கிடையாது.

“அஞ்சு வருசம் வீட்ல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

கோவிந்தன்தான் பதில் சொன்னார். “அத்த அப்பறம் பாத்துக்கலாம் மேடம். மொதல்ல மச்சான் கேஸு முடியட்டும். என்னாலதான அவுரு கோர்ட்டு வாசல்ல நிக்கறாரு.”

நான் பேனாவை மூடி வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுங்கள் என்றேன். சிக்னல் கிடைக்கிற இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேடு. அங்கே ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். மேலாளரை அழைத்து உண்மையைச் சொன்னேன். இன்று அறுபதாயிரம் கட்டுகிறோம், மீதிக்கு அவகாசம் கொடுங்கள் என்றேன்.

“மேடம், தேதி நான் கேட்டேன். வரும்னு நீங்க சொன்னீங்க. நான் மேல சொல்லிட்டேன். இப்ப நான் எந்த மூஞ்சியோட போய் நிக்கறது?”

“தப்பு என்னோடது சார். அவங்களுக்கு ஒரு மாசம் குடுங்க.”

“நாலு மணிக்கு ஆஃபர் முடிஞ்சிடும். அப்புறம் பழையபடி ஃபுல் அமவுன்ட். கேஸும் நடக்கும். சாரி மேடம்.”

வைத்துவிட்டார். மணி இரண்டேகால்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேட்டிலிருந்து இறங்கி வருகிற அந்த இரண்டு நிமிடத்தில் என் மனம் நியாயங்களைத் தேடியது. ‘பெரியவர்கள், அவர்களாகவே முடிவெடுத்துவிட்டார்கள், நான் யார் தடுக்க?’ என்று ஒரு பக்கம். ‘அறுபத்துமூன்று சதவீதத்தை யார் விடுவார்கள்?’ என்று இன்னொரு பக்கம். அதற்கும் மேலே, ‘நானே தாளைக் கிழித்துப் போட்டு இவர்களைக் காப்பாற்றிவிடலாம்’ என்றும் ஒரு வேகம் வந்தது. அந்த வேகம்தான் மிக ஆபத்தானது. ஏற்கனவே ஒரு முறை அவர்களைக் கேட்காமல் அவர்களுக்காக முடிவெடுத்ததால்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

அதனால் இருவரையும் வேன் மறைவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். “இந்தத் தேதிய உங்களக் கேக்காம நான்தான் குடுத்தேன். அது என் தப்பு. இப்போ ரெண்டு வழிதான் இருக்கு. கையெழுத்துப் போட்டா கடன் இன்னைக்கே முடியும், தம்பி கேஸும் முடியும், மரம் அஞ்சு வருசம் போகும். போடலன்னா மரம் இருக்கும், கடன் நாலு லட்சமாவே நிக்கும், கேஸ் நடக்கும். திரும்பப் பேசி வாங்கப் பாக்கறேன். ஆனா இதே தொகைக்கு வாங்குவேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

“நீங்க இன்னா சொல்றீங்க மேடம்?” என்று அலமேலு கேட்டார்.

“நான் சொல்ற எடத்துல இல்லம்மா.”

கோவிந்தன் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். அலமேலு மட்டும், “கேஸு அவன் மேல கீது. அவனத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு, என் செல்போனை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு நடந்தார். தன் போனிலிருந்து அடித்தால் தம்பி எடுக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

நானும் பின்னால் போனேன். அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

“முருகா, அக்கா பேசறேன். வச்சிடாத. ரெண்டு நிமிசம்.”

 முருகன் வைக்கவில்லை. அலமேலு மரத்தை, மாட்டை, நாலு மணியை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். “உன்னக் கேக்காம ஒண்ணும் பண்ண மாட்டேன். போடுன்னா போட்டுடறேன்.”

“எட்டு மாசமா எங்க போச்சுக்கா இந்தப் பேச்சு?” என்றார் முருகன். குரல் உடைந்திருந்தது. “எத்தன வாட்டி லீவு போட்டேன் தெரியுமா? ஸ்கூல்ல வேற ஆளப் பாக்கறோம்னு சொல்றாங்கோ.”

“தெரியும்டா.”

“இன்னா தெரியும்?” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

மணி இரண்டு நாற்பது. வியாபாரி இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். கோவிந்தன் ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் மேட்டுக்கும் வங்கிக்கும் நடுவே நடந்தேன். போன் அடிக்க வேண்டும் என்றும் நினைத்தேன், அடிக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அலமேலு மட்டும் அந்த மேட்டிலேயே நின்றார், சிக்னல் போய்விடுமோ என்று கையைக்கூட அசைக்காமல்.

மூன்று இருபதுக்கு முருகன் திரும்ப அழைத்தார்.

“மரத்தக் குடுக்காதக்கா. மாமாவுக்கு அந்தக் காலு. மரமும் போனா நீ இன்னா துன்னுவ? நான் கோர்ட்டுக்குப் போய்ட்டு வர்றேன். எத்தன வாட்டி ஆனாலும் போய்ட்டு வர்றேன். ஆனா எப்ப முடியும்னு பொய் சொல்லாத. நெசத்தச் சொல்லு.”

“தெரியலடா. தெரிஞ்சதும் சொல்றேன்.”

வியாபாரி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீசல் செலவாவது கொடுங்கள் என்றார். நான் கொடுத்தேன். நாலு மணிக்கு நாங்கள் மூவரும் வங்கிப் படியில் உட்கார்ந்திருந்தோம். காசாளர் வெளியே வந்து, “இன்னா மேடம், கட்டலியா?” என்று கேட்டார். பிறகு ஷட்டரை இறக்கினார். 

அறுபதாயிரத்தைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். புதுத் தொகையை உறுதி செய்யும் கடிதம் கைக்கு வராமல் கட்டினால் அது வட்டியில் கரைந்துவிடும். அது அலமேலுவின் கணக்கிலேயே கிடந்தது. அடுத்த வேலை நாளில் அலுவலகத்தில் பலகையிலிருந்து அறுபத்துமூன்றை அழித்தேன். தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். “கருணை காட்ட நாம சம்பளம் வாங்கல” என்றார். நான் செய்தது கருணையா, இன்னொரு தவறா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஜனவரியில் முழுத்தொகை கேட்டு நோட்டீஸ் வந்தது. முருகன் இரண்டு முறை நீதிமன்றம் போனார். மேலாளர் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அலமேலு வாரம் ஒரு முறை அழைப்பார். அழைக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “தம்பிக்கு இன்னா சொல்லட்டும் மேடம்?” நானும் ஒரே பதில்தான் சொன்னேன்: இன்னும் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி கடைசியில் மேலாளரிடம் நேரம் கேட்காமலே அவர் அலுவலகத்துக்குப் போனேன். இந்த முறை அலமேலுவையும் அழைத்துப் போனேன். வாசலில் வைத்து, “தொகை பத்தி நான் பேசறேன். தேதி பத்தி நீங்க பேசுங்க” என்றேன்.

மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். வங்கிப் புத்தகத்தில் தொடாமல் கிடந்த அறுபதாயிரத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் கணினியைத் தட்டிவிட்டு, “ஒன் நைன்ட்டி. ஜூனுக்குள்ள மூணு தவணை. இதுக்குக் கீழ முடியாது” என்றார்.

ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம், முன்பைவிட நாற்பதாயிரம் அதிகம். நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்தேன். அந்த நாற்பதை இருபதாக்க என்னென்ன சொல்லலாம் என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அலமேலு பேச ஆரம்பித்துவிட்டார்.

“சார், ஜூன்ல முடிக்கறேன்னு சொன்னா அது பொய். ஜூன்ல எங்ககிட்ட பலாப்பழந்தான் இருக்கும். அறுவது இன்னைக்கே கட்டறேன். ஏப்ரல்ல புளி எறங்கும், அறுவத்தஞ்சு. பலாவுல ஜூலைக்குள்ள பதினஞ்சு. மீதி அம்பது சாம அறுத்தாத்தான், டிசம்பர்ல. நெசமான தேதி இதான்.”

“பத்து மாசமா? முடியாதும்மா.”

“நீங்க சொன்ன தொகையக் கொறைக்கச் சொல்லல சார். நாப்பதாயிரம் அதிகந்தான், கட்டறேன். எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கடைசித் தவணைல கேஸ வாபஸ் வாங்குவீங்கன்னு மேடம் சொன்னாங்கோ. அத்த மொதல் தவணைலயே வாங்கிக்கோங்க. என் தம்பிய வுட்டுடுங்க. என்னப் புடிச்சிக்கோங்க.”

மேலாளர் என்னைப் பார்த்தார்.  உங்களிடம் சொல்கிறேன், இருபது வருடம் இந்த வேலை பார்த்தவளுக்கு அப்படி ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லை. நான் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதைக் கொடுத்து எதை வாங்க விரும்புகிறார் என்று அலமேலுவை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

“வாபஸ் வாங்கிட்டு நீங்க கட்டலன்னா?” என்று மேலாளர் கேட்டார்.

“கடன் என் வூட்டுக்காரர் பேர்லதான சார் கீது. அதுக்கு வேற கேஸு போடுங்க. தம்பி மேல வாணாம்.”

அவர் எழுந்து உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். இருபது நிமிடம் ஆனது. அலமேலு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் அந்த அறையில் இருந்த காலண்டரை நாலு முறை படித்தேன். திரும்பி வந்தவர், “லெட்டர் அடிக்கச் சொல்லியிருக்கேன்” என்றார். கடிதம் கைக்கு வந்து, ஒவ்வொரு வரியையும் அலமேலுவுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் அறுபதாயிரம் போனது. அடுத்த மாதம் முருகன் மேலிருந்த வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்த வருடம் மரம் கொழித்துக் காய்த்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். காய்க்கவில்லை. வியாபாரி கணக்குத்தான் சரியானது. ஏழு மரத்துக்கும் சேர்த்து முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் தவணைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே அலமேலு நேராக மேலாளருக்கே போன் செய்து, இவ்வளவுதான் வந்தது, மீதிக்கு இரண்டு மாதம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். முன்கூட்டிச் சொன்ன ஒரே ஆள் இவர்தான் என்று மேலாளர் பிறகு என்னிடம் சொன்னார். கோவிந்தன் ஒரு கொள்முதல் கொட்டகையில் உட்கார்ந்தபடி எடை போடும் வேலைக்குப் போனார். அலமேலு நூறு நாள் வேலைக்கும், காய்ப்பு முடிந்த பிறகு அடுத்தவர் தோட்டத்துக்கும் போனார். டிசம்பரில் முடிய வேண்டியது மறு பிப்ரவரியில் முடிந்தது.

நிலுவை இல்லை என்ற சான்றை வாங்க அலமேலு நம் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். பல நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா நாப்பதாயிரம் மிச்சம். மரமும் அந்த வருசம் காய்க்கல. நான் உங்கள அலைக்கழிச்சிட்டேனா அலமேலு?”

அவர் சான்றை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“நாப்பதாயிரம் பெருசுதான் மேடம். இல்லன்னு சொல்ல மாட்டேன். மாட்ட நெனச்சா இப்பகூட வவுறு எரியுது. ஆனா அன்னைக்கே முடிஞ்சிருந்தா கேஸு போயிருக்கும், அவனும் போயிருப்பான். அப்பறம் எதுக்கு எனக்குப் போன் பண்ணப் போறான்? கேஸு இருந்தத்தொட்டு கோர்ட்டுக்குப் போய்ட்டு வந்த ஒவ்வொரு வாட்டியும் பண்ணான். திட்டத்தான் பண்ணான். திட்டட்டும்னு கேட்டுக்கினு இருந்தேன்.”

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிறப் பள்ளி வேன் ஒன்று சாலையோரமாக நின்றிருந்தது. “புளியக் கொட்டாம எறங்கி வாக்கா, மூணு மணிக்கு ஸ்கூல் வுடும்” என்று அதிலிருந்து ஒரு குரல் அவசரப்படுத்தியது. அலமேலு பெஞ்சின் அடியிலிருந்து ஒரு புளி மூட்டையை எடுத்து என் மேசைமேல் இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.